வரியின் நடுவில் விட்ட இடம்

கையுறை போடமாட்டீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தொலைக்காட்சியில் பழைய புத்தகங்களைத் தொடுகிறவர்கள் வெள்ளைக் கையுறை போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிற கேள்வி. போடமாட்டோம். கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வெறும் விரலால்தான் பக்கம் திருப்புவோம். விலங்குத் தோலில் செய்த அந்தத் தோல்தாள் எங்கே கிழியப் பார்க்கிறது, பொன் எங்கே உரிந்து நிற்கிறது என்பதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும். இதைப் பலமுறை விளக்கிச் சலித்துப்போய், இப்போது "கையுறை வாங்க நூலகத்திடம் காசில்லை" என்று சொல்லிவிடுகிறேன். சுவிசில் அதை யாரும் நம்புவதில்லை. ஆனாலும் கேள்வி நின்றுவிடுகிறது.

நான் வின்டர்தூரிலிருந்து ரயிலேறிப் போய், ஒரு பழைய மடத்தின் நூலகத்தில் உட்கார்ந்து, இடைக்காலத்து இலத்தீன் சங்கீதப் புத்தகங்களை ஆராய்ந்து விவரம் எழுதுகிறேன். பைபிளில் சங்கீதங்கள் என்று வருகிற நூற்றைம்பது பக்திப் பாட்டுகளையும் கையால் எழுதி, நிறமும் பொன்னும் வைத்த புத்தகங்கள் அவை. மடத்தில் இருந்த துறவிகள் கிழமைக்கு ஒருமுறை அத்தனையையும் பாடி முடிப்பார்களாம். எழுத்து என்ன வகை, மை என்ன நிறம், எந்தப் பக்கத்தில் என்ன படம் என்று நான் குறித்துக் கொடுத்தால், புகைப்படங்களோடு சேர்த்து இணையத்தில் ஏற்றுவார்கள். கோயிலில் சந்திக்கிற சனம், "இன்னும் அந்தச் செத்த பாஷையோடதான் நிக்கிறீரோ?" என்று கேட்கும். "ஓம், அதெண்டால் திருப்பிக் கதைக்காது" என்று நான் சொல்வேன். என் கணவர் பேச்சிழந்த பிறகு அந்தப் பகிடியை விட்டுவிட்டேன்.

அவர் சமையற்காரர். இன்டர்லாக்கனில் ஒரு பெரிய ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவப் போய்ச் சேர்ந்து, கடைசியில் அடுப்பு வரிசை முழுவதையும் பார்த்துக்கொண்டவர். எனக்கு வேலை இந்தப் பக்கம். லீவு நாளில் வருவார், தூங்குவார், உடுப்புத் தோய்த்துக்கொண்டு போவார். எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரும்பகுதி ரயில் நேரங்களுக்கு நடுவில்தான் நடந்தது. பிள்ளைகள் இல்லை. ஒரே வீட்டில் ஒன்றாக இருப்பது என்பதை நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். அவர் வேலையை விட்டுவிட்டு வந்து, ஒரே ஒரு குளிர்காலம் அப்படி இருந்தோம்.

அந்தக் குளிர்காலத்தில் குசினி அவருடைய ஆட்சியில் இருந்தது. நான் அறையில் மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பார். "தேத்தண்ணி ஒண்டு" என்று நான் குரல் கொடுத்தால் "ரெண்டு" என்று உடனே பதில் வரும். தனக்கும் சேர்த்துத்தான். நான் ஒன்று கேட்டு ஒன்று மட்டும் வந்ததே கிடையாது. ஹோட்டல் குசினியில் ஒருவர் ஓடரைக் கூவினால், அடுப்படியில் நிற்பவர் பதில் கொடுத்தே ஆக வேண்டுமாம். பதில் வராவிட்டால் காதில் விழவில்லை என்று அர்த்தம். கூவியவர் இன்னும் உரத்துக் கூவுவார். இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். "சோறு வெந்திட்டுது" என்று அவர் கத்தினால் நான் "ஓம்" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் மறுபடியும் வரும்.

"எனக்குக் காது கேக்கும். நான் உங்கட ஹோட்டலில வேலை செய்யேல்லை" என்று எரிந்து விழுவேன்.

"அப்ப ஓம் எண்டு சொல்லுமன். சொன்னாத்தானே கேட்டது எண்டு எனக்குத் தெரியும்" என்று சிரிப்பார்.

மரங்கள் துளிர்க்கிற நேரத்தில் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின; பேச்சும் போயிற்று. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. நாங்கள் சொல்வது அவருக்கு விளங்குகிறதா என்று கேட்டால், மருத்துவர்கள் "ஓரளவு" என்றார்கள். ஓரளவு என்றால் எவ்வளவு? நான் அந்த ஓரளவுக்குள் அடக்கமா, வெளியேயா? அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. வீட்டில் வைத்துப் பார்க்க முயன்று தோற்றுப்போனேன். நடந்து போகிற தூரத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் போவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான்தான் என்று அவருக்குத் தெரிகிறதா, இல்லையா? எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான்.

முதலில் ஆட்கள் வந்தார்கள். இடியப்பமும் சொதியும் பெட்டி பெட்டியாக வந்தன. பிறகு போன் மட்டும் வந்தது. "எப்பிடி இருக்கிறார்?" "அப்பிடியேதான்." இந்தப் பதிலை எத்தனை தடவைதான் கேட்பார்கள், பாவம். போனும் நின்றது. எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்க எனக்குரிய நாள் செவ்வாய். நிலவறையில் மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது மேல்மாடிக்காரி "குரூட்சி" என்று வணக்கம் சொல்வாள். நானும் "குரூட்சி" என்பேன். சில கிழமைகளில் அந்தக் கட்டடத்துக்குள் நான் வாய் திறந்து சொன்ன ஒரே சொல் அதுதான். தனிமையை அழகாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஓர் அழகும் தெரியவில்லை. ஒரு சுண்டு அரிசி போட்டால் மூன்று நாளைக்குக் கிடக்கிறது. மூன்றாம் நாள் அதைத் தின்னும்போது கோபம் வருகிறது.

அந்த ஆண்டு என் மேசைக்கு வந்தது ஒரு சின்னச் சங்கீதப் புத்தகம். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் அதில் அடங்கிவிடும். பதின்மூன்றாம் நூற்றாண்டு எழுத்து. நிமிர்ந்து, நெருங்கி, கூர்மையாக நிற்பது. ஐ, என், எம், யூ எல்லாமே ஒரே மாதிரியான குறுங்கோடுகள். ஒரு சொல்லைப் பார்த்தால் கம்பு நட்ட வேலி மாதிரி இருக்கும். எந்தக் கம்பு எந்த எழுத்துக்குச் சொந்தம் என்று எண்ணிப் பிரிக்க வேண்டும். எழுதியவர் ஒருவர், நிறம் வைத்தவர் வேறொருவர். எழுதியவர் முதலெழுத்துகளுக்கு இடம் விட்டுக்கொண்டே போயிருப்பார். மற்றவர் பின்னால் வந்து, ஒரு வசனத்துக்குச் சிவப்பு, அடுத்ததற்கு நீலம், மறுபடி சிவப்பு என்று போட்டிருப்பார். முக்கியமான சில சங்கீதங்களின் தொடக்கத்தில் மட்டும் பொன் ஒட்டி, முதலெழுத்தின் வயிற்றுக்குள் ஓர் உருவம் வரைந்திருக்கும்.

நிறம் வைத்த மனுஷனுக்கு வெற்றிடம் என்றாலே ஆகாது. வசனம் வரியின் பாதியில் முடிந்துவிட்டால் மீதி இடத்தைச் சும்மா விடமாட்டார். அங்கே ஒரு மீன் போடுவார். இடம் கூடினால் மீனின் வால் நீளும். மீன் அலுத்தால் சிறகு வைத்த பாம்பு, சங்கிலி, அலை. வரி நிரப்பி என்று தொழிலில் சொல்வோம். அந்தக் காலத்துப் புத்தகங்களில் சாதாரணம்தான். ஆனால் இவ்வளவு மீன் விட்ட ஒருவரை நான் கண்டதில்லை. முதலில் சிரித்துக்கொண்டு குறித்தேன். சில நாளில் சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் நானும் இல்லத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

போய் உட்கார்ந்ததும் தொடங்குவேன். "சாப்பிட்டீங்களோ? ஓம், சாப்பிட்டிருப்பீங்கள், இண்டைக்கு உருளைக்கிழங்குதானே. வெளியில சரியான பனி. ரயில் பிந்திப்போச்சு. குளிருதோ? இல்லை, நல்ல சூடாத்தான் இருக்கு." கேள்வியும் என்னுடையது, பதிலும் என்னுடையது. மௌனத்துக்கு எனக்குப் பயம். அது விழுந்துவிட்டால் அந்தக் கதிரையில் ஒருவரும் இல்லை என்று ஆகிவிடும் போலிருந்தது. அதனால் மீனுக்குப் பின்னால் மீனாக விட்டுக்கொண்டிருந்தேன்.

இலத்தீன் பைபிளின் கணக்கில் முப்பத்தெட்டாம் சங்கீதம், நாவை அடக்கிக்கொள்வேன் என்ற பொருளில் தொடங்குவது. அதன் முதலெழுத்துக்குள் சங்கீதங்களைப் பாடியவர் என்று சொல்லப்படுகிற தாவீது அரசர் முடியோடு உட்கார்ந்து, ஒரு விரலால் தன் வாயைச் சுட்டிக்காட்டுவார். பெரும்பாலான சங்கீதப் புத்தகங்களில் அந்த இடத்தில் அதே படம்தான். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். "அரசர் வாயைச் சுட்டுகிறார்" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன். இந்த முறை எழுத முடியவில்லை. ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்காதபோது என் கணவரும் இடது கை விரலால் இப்படித்தான் வாயைக் காட்டுவார். பிறகு கையை மடியில் போட்டுவிடுவார். நான் எழுந்து போய்க் கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். தோல்தாளில் ஈரம் படக்கூடாது என்பது நூலக விதி. அன்றைக்கு எழுந்து போக அந்த விதி உதவியது.

இன்டர்லாக்கனில் அவரோடு வேலை செய்த அண்ணை ஒருவர் மட்டும் இன்னும் போன் எடுப்பார்.

"கதைக்கிறானோ, தங்கச்சி?"

"இல்லை அண்ணை. நான்தான் கதைக்கிறன்."

"நீர் அவனுக்கு இடம் விட்டால்தானே" என்று சிரித்தார். "அவன் சும்மா கதைக்கிற ஆள் இல்லைப் பிள்ளை. நாள் முழுக்க வாய் திறக்கமாட்டான். ஓடர் வந்தா மட்டும் சத்தம் வரும். ஒருக்கா ஓடர் குடுத்துப் பாருமன்."

எனக்கு வந்த கோபத்தில், அடுப்பில் கறி இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அதே கிழமைதான் புத்தகத்தில் வேறொன்றைக் கவனித்தேன். சங்கீத வசனம் ஒவ்வொன்றும் இரண்டு பாதி. நடுவில் ஒரு புள்ளி, அதன் தலைக்கு மேல் ஒரு சின்னக் கீற்று. பாடுகிறவர்கள் அங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அடையாளம். படிக்கிற காலத்திலேயே தெரிந்த விடயம். ஆனால் இந்தப் புத்தகத்தை எழுதியவர் அந்தப் புள்ளிக்குப் பிறகு வெறும் இடமும் விட்டிருந்தார். ஓர் எழுத்தளவு, சில வரிகளில் அதற்கும் மேலே. இடத்தைக் கண்டால் மீன் விடுகிற மனுஷன் இதை மட்டும் தொடவே இல்லை. புத்தகத்தை முன்னிருந்து பின்வரை புரட்டிப் பார்த்தேன். ஒரு கீறல் கூடக் கிடையாது. வரி முடிவில் கிடப்பது வெறும் இடம், நடுவில் கிடப்பது பாட்டில் சேர்ந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது எப்படி ஒலிக்கும் என்று கேட்க வேண்டும் போல் எனக்கு ஆசை வந்தது.

மலையடிவாரத்தில் ஒரு கன்னியர் மடத்தில் இன்னும் இலத்தீனில் பாடுகிறார்கள் என்று அறிந்து, ஒரு ஞாயிறு பின்னேரம் போனேன். வலப்பக்கம் சிலர், இடப்பக்கம் சிலர், முகத்துக்கு முகம் பார்த்து நின்றார்கள். அநேகமாக எல்லோரும் வயதானவர்கள். ஒரு பக்கம் வசனத்தைத் தொடங்கியது, பாதியில் நின்றது. நின்றது நின்றதுதான். நான் மேளமும் நாதஸ்வரமும் மணியும் ஒன்றாக முழங்குகிற கோயிலில் பழகியவள். எங்கள் கோயிலில் ஒரு கணம் சத்தம் நின்றால் ஏதோ பிழைத்துவிட்டது என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். பாவம், யாரோ அம்மா சொல்லை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மற்றப் பாதி எனக்கு மனப்பாடம். உதவி செய்கிற எண்ணத்தில் அதை உரக்கச் சொல்லிவிட்டேன்.

அந்தக் கல் மண்டபத்தில் என் ஒற்றைக் குரல் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்லி முடியும்வரை பொறுத்து, சத்தம் அடங்கும்வரை பொறுத்து, பிறகு தங்கள் பாதியை எந்த அவசரமும் இல்லாமல் பாடினார்கள். மிச்ச நேரம் முழுவதும் நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வரும்போது, விருந்தினரைக் கவனிக்கிற சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னைவிட இளையவர், சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். முதல்முறை வருகிற எல்லோருமே பயந்துபோகிறார்கள் என்றார். அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள், மனதுக்குள் ஜெபமா என்று கேட்டேன்.

"மூச்சு விடுகிறோம்" என்றார். "எங்களில் சிலருக்கு மூச்சு மெதுவாகத்தான் திரும்பும். கடைசி ஆளுக்கும் வந்த பிறகுதான் மற்றப் பாதி."

ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த நாள் இல்லத்தில் "குளிருதோ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பரீட்சை எழுதுகிறதைவிடக் கடினமாக இருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார். வாயைக் காட்டினார். கையை மடியில் போட்டார். அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாளும் ஒன்றும் இல்லை. மீன் விட்டுக்கொண்டிருந்தவரைக்கும் எனக்கு ஒரு வசதி இருந்தது. அவர் பதில் சொல்லவில்லை என்பதை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது அது நன்றாகக் கேட்டது. இருட்டுகிற தெருவில் வீட்டுக்கு நடக்கும்போது, பழைய மாதிரியே அலட்டிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

நூலகத்தில் அந்த நாட்களில் அறுபத்தெட்டாம் சங்கீதத்துக்கு வந்திருந்தேன். எஸ் என்ற எழுத்தின் கீழ் வளைவுக்குள் ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் நின்று கைகளைத் தூக்குகிறார். மேல் வளைவில் கடவுள் இருந்து குனிந்து பார்க்கிறார். அவர் பார்ப்பது நமக்குத் தெரிகிறது. தண்ணீரில் நிற்பவருக்குத் தெரிகிறதா என்பது படத்தில் இல்லை. என்னால் முடிந்த அளவு வறட்டு ஜெர்மனில் அதை விவரித்து எழுதிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனேன்.

இல்லத்துக்கு வருகிற பேச்சுப் பயிற்சியாளரிடம் நான் செய்து பார்ப்பதைச் சொன்னேன். பொறுத்திருப்பது நல்லது என்றார். பிறகு எச்சரித்தார். சிலருக்குப் பழகிய சொற்கள் தானாக வருமாம். எண்கள், வணக்கம், வசைச்சொல் மாதிரி. "வந்தால் சந்தோஷப்படுங்கள். உங்களுக்குச் சொன்ன பதில் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்." நல்ல பெண், உண்மையைச் சொன்னார். உண்மையைச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் கோபம் வரும்.

குளிர் குறையத் தொடங்கிய ஒரு ஞாயிறு பின்னேரம், அண்ணை சொன்னதைச் செய்துபார்த்தால் என்ன என்று எண்ணினேன். அவர் மேலிருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டிருந்தது. இல்லத்தின் அந்த மாடியில், பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு சின்னக் குசினி உண்டு. கேத்தலும் கோப்பைகளும் தேயிலைப் பைகளும் இருக்கும். என் கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய், கேத்தலைப் பார்த்தபடி நிறுத்தி, இடது கையைத் தூக்கி மேசைத்தட்டில் வைத்தேன். பிறகு வெளியே வந்து, நடைபாதையில் சுவரோரம் கிடந்த கதிரையில் உட்கார்ந்தேன். எங்களுக்கு நடுவில் ஒரு சுவர், வீட்டில் இருந்த மாதிரியே. பைத்தியக்காரி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"தேத்தண்ணி ஒண்டு" என்று குரல் கொடுத்தேன்.

ஒரு பராமரிப்பாளர் தள்ளுவண்டியோடு போனார். என்னைப் பார்த்துச் சிரித்தார். லிஃப்ட் கதவு திறந்து மூடியது. உள்ளே குளிர்சாதனப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. மற்றப் பாதி எனக்கு மனப்பாடம். அதைச் சொல்லிவிட வாய் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆளுக்கு மூச்சு வரட்டும் என்று இருந்தேன். வராது என்றும் நினைத்தேன்.

"ரெண்டு."

குரல் கரகரத்துப்போயிருந்தது. ஆனால் அவருடையதுதான். அந்த நேரம் பார்த்துப் பேச்சுப் பயிற்சியாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. எண்கள் தானாக வரும். ஒண்டுக்குப் பிறகு ரெண்டு எந்தப் பிள்ளைக்கும் வரும். சந்தோஷப்படு, பதில் என்று எடுத்துக்கொள்ளாதே. சந்தோஷப்படத்தான் முயன்றேன். பதில் கூவாமல் அதையே யோசித்துக்கொண்டு இருந்தேன். அவ்வளவுதான், இனி எழுந்து போய்க் கேத்தலைப் போடுவோம் என்று கதிரையைப் பிடித்தேன்.

அப்போது மறுபடியும் வந்தது. முதல் தடவையைவிட உரத்து, பதில் வராத ஓடரைத் திருப்பிக் கூவுகிறவருடைய எரிச்சலோடு.

"ரெண்டு."

"ஓம்" என்றேன். "ஓம், கேட்டது."